நூற்று ஐம்பத்தெட்டு வோல்ட்

என் வீட்டு வாசலில் கார் நிற்கக் கூடாது. மார்ச் மாதம் பத்தாம் தேதி காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது இந்தத் தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றினேன். கூட்டத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். எதிர்ப்பு எழவில்லை.

காரணம் இல்லாமல் தீர்மானம் போடுகிறவன் இல்லை நான். நாற்பத்தொரு வருஷமாகப் போராடுகிறேன். பஸ் கட்டணம், ரேஷன் மண்ணெண்ணெய், தெருக்குழாய், எது பிரச்சினை ஆனாலும் தென்காசியில் முதலில் சாலையில் உட்கார்ந்த ஆள் இந்த நல்லதம்பிதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரங்கள். எழுதியதும் அதே. பஸ் கட்டணப் போராட்டத்தின்போது பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் மைக்கைப் பிடித்துச் சொன்னேன்: "சாகும்வரை ஏழை மக்களோடு அரசுப் பேருந்தில் மட்டுமே பயணம் செய்வேன்." அன்று என்னோடு மேடையில் நின்று கை தட்டிய நாலு பேரும் இன்று கார் வைத்திருக்கிறார்கள். ஒருவர் இரண்டு வைத்திருக்கிறார். பஸ்ஸுக்கு நிற்கும் என்னைக் கடந்து போகும்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செல்போன் அடிக்கும். குனிந்துகொள்வார்கள்.

அவர்களுக்குக் கார் கிடைத்தது. எனக்குப் பெயர் மட்டும்தான் மிஞ்சியது. அந்தப் பெயரையும் வாசலில் ஒரு காரை நிறுத்தித் தொலைத்துவிட முடியாது.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், முந்தின நாள் சாயங்காலம் என் மனைவி ரெபேக்காள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்:

"ஸ்டான்லி அப்பா, ஒரு கரண்ட் கார் புக் பண்ணியிருக்கேன்."

"யாருக்கு?"

"இட்லிக்கு."

"இட்லிக்கு எதுக்குட்டி காரு?"

"அதுக்குக் கால் இல்லல்லா."

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. அதுதான் பிரச்சினை. ரெபேக்காள் பன்னிரண்டு வருஷமாக இட்லி அவித்து விற்கிறாள். குற்றாலத்தில் தாணுமாலயன் என்பவர் நடத்தும் லாட்ஜுக்கு, சீசன் மூன்று மாதமும் காலைச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்துதான் போகிறது. காலை ஆறரைக்கு இருநூற்று ஐம்பது இட்லி, ஒரு பெரிய தூக்கில் சாம்பார், ஒரு வாளி சட்னி. அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவன் முதல் இட்லியை மெல்லுவதில்லை, விழுங்குகிறான். அப்படி ஒரு இட்லி. நான் போராடிய காலத்தில் எங்கள் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தது அந்த இட்லி. இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

"மாரி ஆட்டோவுக்கு என்ன கேடு?" என்றேன்.

"சீசன்ல மாரி ஏன் நம்ம வீட்டுக்கு வாரான்? அருவிக்குப் போற சவாரி விடியக்காலமே வரிசைகட்டி நிக்கி. போன வருஷம் எட்டு நாள் வரலை. சாம்பார் கொதிச்சு ஆறி மறுபடி கொதிச்சு, ரசமாப் போச்சு. இந்த வருஷம் ரெண்டு நாள் பிந்தினா வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்னு தாணுமாலயன் சொல்லிட்டாரு."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் லைசென்சு எடுத்தேன்."

எப்போது எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. பிறகு விசாரித்தேன். நான் ஒரு கண்டன ஆர்ப்பாட்டத்துக்காகச் சுரண்டையில் நாலு நாள் தங்கியிருந்தபோது ஓட்டிக் காட்டியிருக்கிறாள். ஐம்பத்தெட்டு வயதில், முதல் தடவையிலேயே எட்டுப் போட்டுத் தேறிவிட்டாள். ஆர்ப்பாட்டம் தோற்றது.

நான் நேரடியாக எதிர்க்கவில்லை. வீட்டில் நேரடியாக எதிர்த்து நான் வென்றதாகப் பதிவு இல்லை. ஆயுதம் தேடினேன். அமெரிக்காவில் இருக்கும் மகள் ஷெர்லினுக்குப் போன் போட்டேன்.

"அங்கன நீங்க கரண்ட் கார்தானேம்மா வச்சிருக்கீங்க? வீட்ல மாட்டினா எப்படி ஏறுது?"

"சாதா பிளக்ல மாட்டினா ரொம்ப மெதுவாப்பா. ராத்திரி முழுக்கக் கெடந்தாலும் அறுபது எழுபது கிலோமீட்டர் ஓடுத அளவுதான் ஏறும். இங்க வீட்டு பிளக்ல நூத்தி இருபது வோல்ட்தானே வரும்."

"நமக்கு?"

"இருநூத்தி முப்பது."

"அமெரிக்காவுக்கு நம்மள்ல பாதியா?"

"பாதிதாம்ப்பா. ஆனா..."

நான் போனை வைத்துவிட்டேன். துண்டுப் பிரசுரம் எழுதுகிறவன் 'ஆனா' வரைக்கும்தான் கேட்பான். அதற்குப் பின்னால் வருவது எதிர்க்கட்சிக்காரனுடைய சொத்து.

அன்றே எழுதினேன். "குடும்பப் பெருமக்களே! வல்லரசு அமெரிக்காவே வீட்டில் வண்டிக்கு மின்சாரம் ஏற்ற முடியாமல் விடிய விடியத் திணறுகிறது. அமெரிக்காவால் முடியாததை நாம் ஏன் இங்கே கொண்டுவர வேண்டும்? சிந்திப்பீர்!" இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றை ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். இன்னொன்றை ரெபேக்காள் கையில் நேரில் வழங்கினேன். அவள் நின்று நிதானமாகப் படித்தாள்.

"ஷெர்லின் சொல்லி முடிக்கதுக்குள்ள போனை வச்சிட்டீங்களாமே. எனக்குப் போன் பண்ணி மிச்சத்தைச் சொன்னா. அங்கன துணி காயவைக்கிற மெஷினுக்குன்னு தனியா இருநூத்தி நாப்பது வோல்ட் கம்பி எல்லா வீட்டுக்கும் வருதாம். காரை அந்த மாதிரிக் கம்பியில மாட்டிட்டா மளமளன்னு ஏறிருதாம்."

"அது ஏகாதிபத்தியக் கம்பி."

"இருக்கட்டும். பின்பக்கம் ஒண்ணும் எழுதலையே?"

"இல்ல. ஏன்?"

பிரசுரத்தைத் திருப்பி, உளுந்து அளவு எழுதிக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் கார் கம்பெனியிலிருந்து சார்ஜர் மாட்டும் பையன் வருவதாகத் தகவல் வந்தது. வீட்டு மின்சாரத்தை அளந்து பார்த்து, சரியாக இருந்தால்தான் சார்ஜர் மாட்டுவார்களாம். சார்ஜர் மாட்டினால்தான் கார் வருமாம். இதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு வெளிச்சம் வந்தது. ஏனென்றால் எங்கள் தெருவில் வெளிச்சம் வருவதில்லை.

எங்கள் தெரு கம்பி வரிசையின் கடைசித் தெரு. பகலில் மர அறுவை மில் ஓடும். சாயங்காலம் நாற்பத்திரண்டு வீட்டிலும் லைட்டும் டி.வி.யும் ஓடும். தெரு தூங்கிய பிறகு வயல்காட்டு மோட்டார்கள் ஓடும். இவ்வளவு பேரும் குடித்து மிஞ்சியதுதான் எங்கள் வீட்டுக்கு வரும். எதிர்வீட்டுச் செல்லச்சாமியின் ஃபேனுக்கு மூன்று இறக்கை என்பதைச் சுற்றும்போதே எண்ணிவிடலாம். இதற்கு எதிராக நீ ஏன் போராடவில்லை என்று கேட்பீர்கள். சொந்தத் தெருவுக்காகப் போராடுவது சுயநலம் என்பது என் கொள்கை. புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் விளக்கு எரியவில்லை என்று மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்திருக்கிறேன். அந்த மூன்று நாளும் என் வீட்டில் மெழுகுவத்தி எரிந்தது.

ஆனாலும் நான் எதையும் அதிர்ஷ்டத்துக்கு விடுகிறவன் இல்லை. பையன் சாயங்காலம் ஆறரைக்கு வந்தான். ஆறே காலுக்கே நான் படுக்கையறையில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டேன். குளியலறை வாளியில் ஹீட்டர் கம்பியை முக்கினேன். பின்கட்டில் தண்ணி மோட்டாரைத் தட்டிவிட்டேன். தொட்டி நிறைந்து கொல்லையில் வாழைக்கு ஓடியது. வாழைக்கு அன்று நல்ல நாள்.

பையன் பெயர் மணிகண்டபிரபு. கையில் ஒரு சின்னக் கருவியை வைத்துக்கொண்டு முன்வாசல் பிளக்கில் இரண்டு கம்பியை நீட்டினான். திரும்ப நீட்டினான். கருவியைத் தட்டிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, நூத்தி ஐம்பத்தெட்டு வோல்ட்தான் காட்டுது."

"அப்படியா" என்றேன். குரலில் சோகம் சேர்க்க மறக்கவில்லை.

"இருநூறுக்கு மேல நிலையா நிக்கணும். இல்லன்னா சார்ஜர் தன்னால அணைஞ்சிரும். இதுல நான் மாட்டிட்டுப் போனா, கம்பெனி என்னை மாட்டிவிட்டுரும்."

"உன் வேலை முக்கியம்லே தம்பி. நீ போ."

"மே முப்பத்தொண்ணுக்குள்ள வோல்டேஜ் சரியாச்சுன்னா போன் பண்ணுங்கம்மா" என்று ரெபேக்காளிடம் சொன்னான். "அதுக்கு மேல போனா உங்க வண்டி வரிசையில அடுத்த ஆளுக்குப் போயிரும். சீசன் முடிஞ்சுதான் மறுபடி கிடைக்கும்."

அவன் போனதும் ரெபேக்காள் படுக்கையறைக்குள் போனாள். இரண்டு நிமிஷத்தில் வந்தாள்.

"இஸ்திரிப் பெட்டி சூடா இருக்கு."

"சட்டை தேய்க்கலாம்னு போட்டேன்."

"முப்பத்து மூணு வருஷத்துல நீங்க சட்டை தேய்ச்சு நான் பாத்ததில்ல. கசங்கின சட்டைதான் மக்கள் சட்டைன்னு சொல்லுவீங்க."

"இன்னைக்கு ஒரு மாறுதலுக்கு."

"வாளித் தண்ணிக்கும் மாறுதலா? கோழி அவிக்கலாம் போல இருக்கு."

அதோடு விட்டுவிட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். நாற்பத்தொரு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், எதிராளி கத்தினால் பயமில்லை. எதிராளி போய் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால்தான் பயப்பட வேண்டும். அவள் எழுதினாள். மளிகைச் சாமான் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் வீடு அமைதியாக இருந்தது. கார் பேச்சே இல்லை. மே முப்பத்தொன்றை நோக்கி நாள்கள் சுகமாக நகர்ந்தன. எதிர்வீட்டுச் செல்லச்சாமியிடம் என் வெற்றியைச் சொன்னேன். அவர் ரிட்டயர்டு ஏட்டு. வேலையில் இருந்த காலத்தில் என்னைப் பதினோரு தடவை வேனில் ஏற்றியவர். அந்த வகையில் நெருங்கிய பழக்கம்.

"அண்ணாச்சி, உங்க வீட்ல வோல்டேஜ் இல்லாதது உங்களுக்குச் சந்தோசமா இருக்கு, சரி" என்றார். "எனக்கு என்ன சந்தோசம்? ராத்திரி வேர்த்து ஊத்துது. முப்பது வருசம் கலவரத்துல நின்னப்பகூட இப்படி வேர்க்கலை."

"கொள்கைக்காகக் கொஞ்சம் வேர்க்கட்டும்."

"அது உங்க கொள்கை. என் வேர்வை."

ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் ஸ்டான்லியைப் போனில் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசை நடுவில் வைத்தாள் ரெபேக்காள்.

"ஏலே ஸ்டான்லி, அங்கன வீட்டுக்கு கரண்ட் எப்படிலே வருது?"

"மூணு பேஸும்மா."

"பணக்கார வீட்டுக்கா?"

"எல்லா வீட்டுக்கும்தான். குப்பை அள்ளுதவர் வீட்டுக்கும் மூணு கம்பிதான் வருது. கார் மாட்டினா ஏழெட்டு மணி நேரத்துல நிறைஞ்சிரும்."

"நமக்கு ஒரு கம்பிதானே வருது?"

"நம்ம வீட்டுக்கு ஒண்ணுதாம்மா. அதுலயும் முழுசா வரலை."

என் கையில் கறித்துண்டு நின்றது. "ஒவ்வொரு வீட்டுக்கும் மூணா? அவனுக்கு மூணு, நமக்கு ஒண்ணுன்னு யாரு முடிவு பண்ணினது?"

"விடுங்க, ஸ்டான்லி அப்பா" என்றாள் ரெபேக்காள், எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டே. "அவங்க ஜெர்மனிக்காரங்க. நம்ம தலையெழுத்து இவ்வளவுதான். அனுசரிச்சுப் போவோம்."

என் முன்னால் யாரும் 'தலையெழுத்து' என்று சொல்ல மாட்டார்கள். 'அனுசரிச்சுப் போவோம்' என்று சொன்னவர்கள் மருந்துக்கும் இல்லை. இரண்டையும் ஒரே வாயில் சொன்னாள். எனக்கு அந்தச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் கொள்கை இருக்கிறதே. சொந்தத் தெரு. நான் பொறுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது.

மேசைமேல் என் பேப்பருக்குப் பக்கத்தில் கிடந்தது. கரண்ட் ஆபீசிலிருந்து வந்த தட்டச்சுக் கடிதம். மேலே பெயரும் முகவரியும் இருக்கிற இடத்தில் சாம்பார் கொட்டியிருந்தது. கீழே மட்டும் சுத்தமாக வாசிக்க முடிந்தது. "கடந்த பத்து ஆண்டுகளில் மேற்படி தெருவிலிருந்து குறைந்த மின்னழுத்தம் குறித்து எந்தப் புகாரும் வரப்பெறவில்லை. மேற்படி தெருவில் வசிப்போர் எவரும் இது தொடர்பாகக் கோரிக்கையோ போராட்டமோ நடத்தியதாக அலுவலகப் பதிவுகளில் இல்லை."

மூன்று தடவை படித்தேன். மேற்படி தெருவில் நான் இருக்கிறேன்.

"ரெபேக்கா, இதை யாருட்டி கேட்டது?"

"தெரியலையே. ஒரே சாம்பாரா இருக்கு."

"மேற்படி தெருவில் போராட்டமே இல்லையாம். நான் இருக்கும்போது."

"உண்மைதானே எழுதியிருக்காங்க? பாவம், அவங்க மேல என்ன தப்பு. யாரும் கேட்டாத்தானே தெரியும்." அரிசியைக் களைந்து தண்ணீரில் போட்டாள். "நாளைக்கு இதை எப்படி அரைக்கப் போறேனோ. கிரைண்டர் கல்லு நகரவே மாட்டேங்குது. ஊறின அரிசியைத் தூக்கிட்டு எங்க போக?"

எங்கே போக? எனக்கு அந்த இடத்தில் பளிச்சென்று ஒன்று தோன்றியது. சத்தியமாக என் மூளையில் தோன்றியது என்றுதான் அப்போது நம்பினேன். இது சுயநலப் போராட்டமும் இல்லை. சரித்திரப் பதிவில் உள்ள ஒரு பிழையைத் திருத்துவது பொதுநலம்.

"நாப்பத்திரண்டு வீட்டுலயும் அரிசி உளுந்து ஊறப் போடச் சொல்லு" என்றேன். "நாளைக்குக் காலையில பாத்திரத்தோட கரண்ட் ஆபீசு வாசல்ல உக்காருவோம். எங்க வீட்ல அரைக்க முடியல, நீங்க அரைச்சுக் குடுங்கன்னு கேப்போம்."

ரெபேக்காள் கண்ணை அகலமாக விரித்தாள். "இப்படி ஒரு யோசனை உங்களுக்குத்தான் வரும்" என்றாள்.

மறுநாள் காலை ஒன்பதரை. நாற்பத்திரண்டு பாத்திரம், நாற்பத்திரண்டு பெண்கள், முன்னால் நான். வரிசையை ஒழுங்கு பண்ணச் செல்லச்சாமி வந்தார். அவருக்குக் கூட்டத்தைக் கலைக்கத்தான் தெரியும், சேர்க்கத் தெரியாது என்று நினைத்தேன். நூல் பிடித்த மாதிரி உட்கார வைத்தார். கோஷத்துக்கும் அவரே குரல் கொடுத்தார். அணிவகுப்பு மைதானத்தில் ஆணை போடுகிற குரல்.

"அரைக்க விடு, அரைக்க விடு!"

"இல்லையின்னா அரைச்சுக் குடு!"

தென்காசியில் நான் நடத்திய போராட்டங்களிலேயே இதுதான் அழகானது. கோடை வெயில். பதினோரு மணிக்கு உளுந்து நுரைக்கத் தொடங்கியது. பதினொன்றரைக்கு வாசம் வாசலைத் தாண்டி உள்ளே போனது. பன்னிரண்டு மணிக்கு ஆபீசில் உள்ள எல்லா ஜன்னலும் திறந்தன. பிறகு எல்லாம் மூடின. பிறகு கதவு திறந்து பொறியாளர் அகிலாண்டேஸ்வரி அம்மா வெளியே வந்தார். நாற்பது வயது இருக்கும். கோபமே இல்லாத முகம். போராட்டக்காரனுக்குப் பிடிக்காத முகம் அது.

"வாங்க அண்ணாச்சி. உங்களைத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன்."

அதை நான் பயம் என்று எடுத்துக்கொண்டேன்.

"எங்க தெருவுக்கு இருநூத்தி முப்பது வோல்ட் வேணும். ஜெர்மனியில் ஒவ்வொரு வீட்டுக்கும் மூணு கம்பி. எங்களுக்கு ஒண்ணு. அந்த ஒண்ணாவது முழுசா வரணும்."

"தரலாம். ஸ்டோர்ல ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கு. நாலு தெரு கேக்குது. குறை பதிவாகியிருக்கிற தெருவுக்குத்தான் நான் ஒதுக்க முடியும். உங்க தெருவுக்கு இதுவரை பதிவே இல்லாம இருந்துச்சு. இப்ப ஆயிருச்சு" என்று பாத்திரங்களைப் பார்த்தார். "மூக்குலயும் ஆயிருச்சு."

கோரிக்கைப் படிவம் வந்தது. அவரே எழுதினார். ஒரு இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"மின்சாரத்தை எதுக்குப் பயன்படுத்தப் போறீங்கன்னு ஒரு கேள்வி இருக்கு, அண்ணாச்சி. கிரைண்டர், ஃபேன்னு போட்டுருவோமா?"

அந்த நேரத்தில் எனக்குப் பின்னாலிருந்து ரெபேக்காளின் குரல் கேட்டது. "ஆமா, அப்படியே போட்டுருங்கம்மா. நமக்கு எதுக்கு வம்பு."

வம்பு எதற்கு என்றால்? நாற்பத்தொரு வருஷம் என் தொண்டையில் ஏறி உட்கார்ந்தது. நான் படியில் ஏறினேன்.

"கிரைண்டரா? ஃபேனா? அதைக் கேட்க நீங்கள் யார்? மக்கள் தங்கள் வீட்டில் எதை வேண்டுமானாலும் மாட்டுவார்கள். எழுதுங்கள். 'இந்தத் தெருவில் ஒருவர் தம் வீட்டு மின்சாரத்தில் எதை மாட்டுகிறார் என்று கேட்கும் உரிமை எவருக்கும் கிடையாது.' எவருக்கும். அடிக்கோடு போடுங்கள்."

அடிக்கோடு போட்டார். கை தட்டல். செல்லச்சாமி விசில் அடித்தார். எல்லோரும் நிறுத்திய பிறகும் ரெபேக்காள் கொஞ்ச நேரம் தட்டினாள். கூடவே ஒவ்வொரு வீட்டுக்கும் கூடுதல் மின்சாரம் கேட்டு ஒரு விண்ணப்பம். தலைவர் முதலில் என்றார்கள். இணைப்பு என் பெயரில். ரெபேக்காள் நிரப்பிக் கொண்டுவந்திருந்த தாளை நீட்டினாள். நான் என் சொந்த வாசகத்தின் அழகைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

மே இருபத்திரண்டு, எங்கள் தெரு முனையில் டிரான்ஸ்பார்மர் ஏறியது. எனக்கு மாலை. செல்லச்சாமி வீட்டு ஃபேன் முதல் சுற்றிலேயே அவருடைய காலண்டரைக் கிழித்து எறிந்தது. ரெபேக்காளின் கிரைண்டர் பாடியது. நான் நடந்து நடந்து ஒவ்வொரு வீட்டுக் குழல்விளக்கையும் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் நான் கேட்டு முழுசாகக் கிடைத்த முதல் கோரிக்கை அது. கண் கலங்கியது. வெளிச்சம் பழக்கமில்லாததால் என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை வாசலில் மணிகண்டபிரபு நின்றான். கையில் கருவி, தோளில் சார்ஜர் பெட்டி.

"அண்ணாச்சி, இருநூத்தி முப்பத்திரண்டு. கோயில் தூண் மாதிரி நிக்குது."

"சார்ஜர் மாட்டக் கூடாது" என்றேன்.

ரெபேக்காள் உள்ளேயிருந்து கோரிக்கையின் நகலைக் கொண்டுவந்தாள். சீல் வைத்த நகல். பத்திரமாகப் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. என் கையில் தரவில்லை. செல்லச்சாமியிடம் தந்தாள்.

"சத்தமாப் படிங்கண்ணே."

"'ஒருவர் தம் வீட்டு மின்சாரத்தில் எதை மாட்டுகிறார் என்று கேட்கும் உரிமை எவருக்கும் கிடையாது.' அண்ணாச்சி, 'எவருக்கும்'னா உங்களுக்கும்தான். கையெழுத்து உங்களுது. இன்னொண்ணும் இருக்கு. இது உங்க வீட்டு விண்ணப்பம். கூடுதல் மின்சாரம் எதுக்குன்னு கேட்டிருக்காங்க. 'கார் சார்ஜருக்கு'ன்னு முத்து முத்தா எழுதியிருக்கு. அதுக்குக் கீழேயும் உங்க கையெழுத்துதான்."

"நான் படிக்கல."

"இதையே எத்தனை பேர் ஸ்டேஷன்ல சொல்லிக் கேட்டிருக்கேன்" என்றார் செல்லச்சாமி.

நான் நேரே கரண்ட் ஆபீசுக்குப் போனேன். பஸ்ஸில்தான் போனேன். அகிலாண்டேஸ்வரி அம்மா எனக்கு டீ சொன்னார். பிறகு கோப்பைத் திறந்து முதல் தாளைக் காட்டினார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வந்த மனு. அந்தச் சட்டத்தைப் பற்றி ஊர் முழுக்க வகுப்பு எடுத்தவன் நான். எழுத்து ரெபேக்காளுடையது. தேதி, இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்த தேதி. மூன்று கேள்விகள்தான். ஒன்று: இந்தத் தெருவிலிருந்து பத்து வருஷத்தில் புகார் வந்ததா? இரண்டு: போராட்டம் நடந்ததா? மூன்று: நடந்தால் எந்த அதிகாரியைப் பார்க்க வேண்டும், எத்தனை மணிக்கு அவர் இருப்பார்?

"நிறைய மனு பாத்திருக்கேன் அண்ணாச்சி" என்றார். "இவ்வளவு தெளிவா யாரும் கேட்டதில்ல."

டீயைக் குடித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். நான் எத்தனையோ தலைவர்களுக்கு மாலை போட்டிருக்கிறேன். கூட்டம் சேர்க்கத் தெரிந்தவன் உண்டு, பேசத் தெரிந்தவன் உண்டு, அடி வாங்கத் தெரிந்தவன் உண்டு. எதிர்க்கிறவனையே முன்னால் நடக்கவிட்டு, அவன் வாயாலேயே தனக்கு வேண்டியதைக் கேட்கவைத்து, அவனுக்கே மாலையும் போட்டுவிடுகிற தலைவனை நான் பார்த்ததில்லை. முப்பத்து மூன்று வருஷமாக ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். மாவு அரைக்கிறாள் என்று நினைத்தேன்.

ஜூன் முதல் தேதி. விடிகிற நேரம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. வாசலில் வெள்ளைக் கார் சத்தமில்லாமல் நின்றது. பின் சீட்டில் இட்லிப் பெட்டிகள், அதற்குப் பின்னால் சட்னி வாளி. ரெபேக்காள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன் சீட்டில் சாம்பார்த் தூக்கு.

"நான் வரலை" என்றேன். "மைக்ல சொன்ன வாக்கு இருக்கு."

"உங்களை யாரு கூப்பிட்டா? நீங்க ஏழு மணி பஸ்ல போங்க. எனக்கு வேண்டியது தூக்கு வளைவுல சாயாம இருக்க ஒரு முட்டு. செங்கல் வைக்கலாம்னு பாத்தேன். சீட்டு அழுக்காயிரும்."

"அப்ப நான்?"

"ஆளா வந்தா வாக்கு போயிரும். முட்டா வந்தா போகாது."

சட்டப்படி அதில் ஓட்டை இல்லை. யோசித்துப் பார்த்தேன், இல்லை. ஏறி உட்கார்ந்தேன். தூக்கை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கார் கிளம்பியது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீடு பின்னால் போனது, அவ்வளவுதான். அவ்வளவு மிருதுவாக ஓட்டினாள். மேலகரம் தாண்டும்போது மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. நேரம் ஆறுகூட ஆகவில்லை. தாணுமாலயன் லாட்ஜ் வாசலில் நின்று கடிகாரம் பார்த்து ஏமாறப்போகிறார் என்று நினைத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. வெளியே காட்டவில்லை.

அப்போது ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. சாம்பார் ததும்பி என் வேட்டியில் விழுந்தது.

"என்னட்டி ரோடு இது" என்றேன். "எவன் பொறுப்பு இதுக்கு?"

"அதைத்தான் நானும் கேட்டிருக்கேன்" என்றாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "மூணு கேள்வி. முந்தாநாள் தபால்ல போட்டேன். முப்பது நாளைக்குள்ள பதில் வரும். அதுவரைக்கும் கோபத்தைப் பத்திரமா வச்சுக்கோங்க."

கோபப்படவே கூடாது, இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் என் வலது கை, என்னைக் கேட்காமலேயே, முஷ்டி மடக்கிக் காரின் கூரைவரை உயர்ந்துவிட்டிருந்தது.

"சாம்பாரைப் பிடிங்க" என்றாள். பிடித்துக்கொண்டேன்.